காலி டப்பாவின் சத்தம்

1

இந்தக் கதை என் வீட்டுக் கொசு மருந்து டப்பாவின் முதுகில் தொடங்கியது. தீர்ந்துவிட்டது என்று குப்பைக் கூடையில் போடப் போனேன். போகிற போக்கில் கை அதைத் திருப்பியது. பொடி எழுத்தில் ஒரு வரி. காலியான பின்னும் துளைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது.

காலியான பின்னும். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். தீர்ந்துபோன பொருளைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறார்கள். தீர்ந்துவிட்டது என்று யார் முடிவு செய்தது? நாம்தான். வெளியே வருவது நின்றதை வைத்து முடிவு செய்தோம். உள்ளே இருப்பதை யாரும் கேட்கவில்லை.

கதை கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது. ஆள் கிடைக்கவில்லை. ஊர் மட்டும் முடிவாகியிருந்தது. தூத்துக்குடிக் கரை. அங்கே எல்லாம் கடலுக்குப் போகும், அல்லது தீக்குப் போகும். மூன்றாவதாக ஓர் இடம் உண்டா என்பதுதான் கதை.

(டப்பாவை இன்னும் போடவில்லை. மேசையில் இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எழுத ஆசை. டப்பாவுக்குக் கண் இல்லை. விட்டுவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்:

துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தபோது அதன் மேல்தளத்தில்—

கைவிட்டேன். கப்பல் பெரியது. அதை உள்ளே விட்டால் டப்பா தெரியாது.

இரண்டாவது தொடக்கம்:

ஒரு காலத்தில் கொற்கையின் கரையில் முத்துக்கள்—

கைவிட்டேன். தூத்துக்குடி என்றால் முத்து வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதுபோல எல்லோரும் எழுதுகிறார்கள். கொற்கையில் இப்போது வயல்தான். இந்தக் கதையில் முத்து கிடையாது. எழுதித் தருகிறேன்.

மூன்றாவது தொடக்கம்:

பொன்செல்வி டப்பாவைக் குலுக்கினாள்.

இதை எழுதியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். யார் இந்தப் பொன்செல்வி? எதற்குக் குலுக்குகிறாள்? எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவசரம். உட்கார்ந்தேன்.

3

பொன்செல்வி டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு ஓடியது. கடகட.

பெயிண்ட் ஸ்ப்ரே டப்பாவுக்குள் ஒரு சின்னக் குண்டு கிடக்கும், அடியில் தங்கும் சாயத்தைக் கலக்க. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். உடன்குடி பஜாரில் அவள் கடை. குலசைக்கு, அதாவது குலசேகரப்பட்டினத்துத் தசராவுக்கு, வேடம் கட்டுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. காளியின் நாக்கு, குரங்கின் வால், அட்டைக் கைகள், கிரீடம். கிரீடம் அவள் கையால் செய்வது. முன்பெல்லாம் வார்னிஷில் தங்கப் பொடி கரைத்துப் பிரஷ்ஷால் தீட்டுவாள். ஒன்று காய்வதற்குள் இன்னொன்றில் தூசி படிந்துவிடும். இந்த வருஷம் பிரஷ்ஷை மூலையில் வைத்தாள். முழுக்க ஸ்ப்ரே.

குலுக்கு. அமுக்கு. உஸ். அட்டை தங்கமாகிவிட்டது.

அந்த உஸ்ஸில் அவளுக்கு ஒரு போதை. (போதை தவறான சொல். அந்த நெடிக்குத் தலை சுற்றத்தான் செய்யும். வாசகர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். பரவசம்? பெரிய சொல். அவளுக்குப் பிடித்திருந்தது. போதும்.)

சிக்கல் முனையில் இருந்தது. தங்கச் சாயம் முனையில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். பாதியிலேயே டப்பா மக்கர் செய்யும். கடை நிறையக் கூட்டம். நின்று நோண்ட நேரமில்லை. தூக்கிச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். மூட்டை கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இப்படி ஒன்று அவருடைய அமுக்கும் மெஷினுக்குள் வெடித்து, மெஷினின் கதவு தெருவுக்கு வந்துவிட்டதாம். இரும்பு வாங்குகிறேன், வேட்டு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்.

இனி செட்டைச் சொல்ல வேண்டும். அவள் தெருவில் ஒரு தசரா செட் உண்டு, சேர்ந்து விரதம் இருந்து வேடம் கட்டிப் போகிற கூட்டம். தலைவர் நயினார் அண்ணாச்சி, கருப்பட்டி மொத்த வியாபாரி. பொன்செல்வியின் கணவன் வேல்ராஜ்தான் இந்த வருஷம் செட்டின் காளி. விரதம் இருப்பவர்கள் தெருக்கோடியில் பனை ஓலையால் குடில் போட்டு அங்கேயே உண்டு உறங்குவார்கள். பெண்கள் உள்ளே நுழைவதில்லை. குலசையில் சூரசம்ஹாரம் முடிந்து, காப்பு அவிழ்த்து, அதற்கு மறுநாள் பொழுது சாய்வதற்குள் குடிலை எரித்துவிடுவார்கள். வேடத்துக்குத் தொட்ட எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது அண்ணாச்சி வைத்த கட்டுப்பாடு. பிரஷ், பஞ்சு, வெட்டிய அட்டை, கிழிந்த சேலை எல்லாம் குடிலோடு எரியும்.*

* எல்லா செட்டும் இப்படிச் செய்வதில்லை. இந்த செட்டை நான் கட்டினேன். கட்டுப்பாட்டையும் நான்தான் அண்ணாச்சி வாயில் வைத்தேன். வைத்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் தர மறுக்கிறார்.

போன வருஷம், பொன்செல்வி அடித்துப் பார்க்க வாங்கிய ஒரே ஒரு ஸ்ப்ரே டப்பா அந்தத் தீயில் போனது. குடில் பாதி எரிந்தபோது டமார் என்று ஒரு சத்தம். ஏதோ ஒன்று தீயிலிருந்து கிளம்பி எல்லோர் தலைக்கும் மேலே போயிற்று. பிறகு பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா பதில் சொல்லிவிட்டாள் என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு தெருவில் இழுத்துக்கொண்டிருந்த கல்யாணம் ஒன்று கூடி வந்தது. ஒரு வழக்கு தீர்ந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றிப் பக்கத்துத் தெருவிலும் பேசினார்கள்.

சில நாள் கழித்து முருங்கைக்காய் பறிக்கப் போன பொன்செல்வி, கிளையில் செருகிக் கிடந்த தகரத்தைப் பார்த்தாள். டப்பாவின் அடி. தங்க நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. வேல்ராஜைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சிரித்தான்.

"ஏளா, அம்மாவுக்கு டப்பா வழியாப் பேசத் தெரியாதாக்கும்?"

அவள் தகரத்தை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். நல்ல கேள்வி.

4

காப்பு அவிழ்த்த அன்று கடைக்கு ஜாஸ்லின் வந்தாள். மணப்பாட்டுக்காரி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களுக்குக் கிரீடம் வேண்டும். தசரா முடிந்தால் கிரீடம் மலிவு என்று தெரிந்தே ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் வருகிறவள். தூத்துக்குடியில், கப்பல்களில் இருந்து இறங்கும் குப்பையைப் பிரிக்கிற யார்டு ஒன்றில் வேலை.

மிச்சக் கிரீடங்கள் பின்கட்டில் இருந்தன. பார்க்கப் போனவள் மூட்டையைப் பார்த்தாள்.

"அக்கா, இத என்னக்கா வெயில்ல போட்டிருக்கீய?"

"காலி டப்பாதான்."

ஜாஸ்லின் ஒன்றை எடுத்துக் குலுக்கினாள். முனையைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினாள். காற்று போகும் பக்கமாகத் திருப்பி அமுக்கினாள். உஸ். வேலியில் ஒரு தங்கப் புள்ளி விழுந்தது.

"இது காலியா?"

பொன்செல்வி வேலியைப் பார்த்தாள்.

"சாயம் தீந்தாலும் அதத் தள்ளுத கேஸ் உள்ளயே கெடக்கும்க்கா. உஸ்ஸுங்கற சத்தமும் நிக்கணும். நின்ன பொறவும் வெயில்ல போடக் கூடாது, தீயில போடக் கூடாது. சூடு ஏறுனா டப்பா தாங்காது. எந்தப் பக்கம் போவும்னு அதுக்கே தெரியாது."

பொன்செல்விக்கு முருங்கைக் கிளை கண்ணில் வந்தது. போன வருஷம் ஒரு டப்பா. இங்கே ஒரு மூட்டை. குடிலுக்குத் தீ வைக்கிறவர் அந்த வருஷத்துக் காளிதான். குனிந்து, ஓலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கற்பூரத்தை வைக்க வேண்டும். பிறகும் நகரக் கூடாது. கும்பிட்டுக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும்.

5

நிறுத்துகிறேன். ஜாஸ்லினிடம் எனக்குச் சந்தேகம்.

சரியான நாளில் வருகிறாள். சரியானதைச் சொல்கிறாள். பஞ்சாயத்துச் சுவரில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுவதுபோல இருக்கிறது. இப்படி ஒருத்தியை நடமாட விட்டால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அவளை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன்.

பொன்செல்வி செல்போனில் தேடினாள். அதில்—

கைவிட்டேன். செல்போனுக்கு டப்பாவைக் குலுக்கத் தெரியாது.

ஜாஸ்லின் இருக்கட்டும். ஒரு குறை வைத்தேன். வாய். கொண்டாங்கக்கா, எங்க யார்டுல நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டாள். கப்பல் குப்பையைத் தவிர வேறு எதையும் அங்கே எடுப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை. கிரீடத்துக்கு விலை பேசும் மும்முரத்தில் இருந்தாள். அந்த நேரத்தில் கெட்ட சேதி சொன்னால் விலை குறையுமா?

இப்போது அவளை எனக்குப் பிடிக்கிறது. கதையும் கொஞ்சம் ஆபத்தாகிவிட்டது. மேலே போவோம்.

6

மறுநாள் காலை பொன்செல்வி தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். மூட்டையை நிழலுக்கு இழுத்துப் போட்டாள், கொண்டுபோகவில்லை. பஸ்ஸில் அதை ஏற்றவே கூடாது என்று ஜாஸ்லின் சொல்லியிருந்தாள். அதுவும் போக, வேடத்துக்குத் தொட்ட பொருளை எங்கே கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்க்காமல் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அன்று மாலை குடில் எரியும். அதற்குள் திரும்ப வேண்டும்.

யார்டு மேலாளர் முடியாது என்றார். எந்தக் கப்பல் என்று கேட்டார். ஜாஸ்லின் தரையைப் பார்த்தாள்.

"குலசைக் கப்பல்" என்றாள் பொன்செல்வி.

அவர் சிரிக்கவில்லை. பொன்செல்வி முருங்கை மரத்தைச் சொன்னாள். யார் தீ வைப்பார்கள் என்று சொன்னாள். எங்கே நின்று வைப்பார்கள் என்று சொன்னாள். மேலாளர் பேனாவை மூடினார். இந்த ஒரு தடவைதான் என்றார். யார்டு வண்டி போக வேண்டும், ஜாஸ்லின் கூட இருக்க வேண்டும், டப்பா நிழலில் வர வேண்டும்.

வண்டி தயாராகும்வரை ஜாஸ்லின் அவளை உள்ளே கூட்டிப்போனாள். இந்த இடத்தை எழுத நான் நேற்றிலிருந்து காத்திருக்கிறேன்.

சாக்கு சாக்காக டப்பாக்கள். துருவுக்கு அடிக்கிறது, கரப்பானுக்கு அடிக்கிறது, தாடிக்கு நுரை. உலகத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் அவற்றின்மேல் இருந்தன. நடுவே கனத்த இரும்புப் பீப்பாய். ஜாஸ்லின் ஒரு டப்பாவைத் தலைகீழாக அதன் வாயில் செருகினாள். மூடியை இறக்கிப் பூட்டினாள். கைப்பிடியை அழுத்தினாள். உள்ளே ஊசி இறங்கியது. ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். கேஸைக் குழாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மிச்சச் சாயம் அடியில் வடிந்தது. வெளியே ஒன்றும் வரவில்லை, நெடிகூட. துளைக்கக் கூடாது என்றுதான் டப்பாவில் போட்டிருக்கிறது. இங்கே துளைக்கிறார்கள். பூட்டிய மூடிக்குள், தீ இல்லாத இடத்தில், அதற்கென்றே செய்த ஊசியால்.

பிறகு இன்னொரு மெஷின் டப்பாவை அமுக்கித் தட்டையாக்கியது. தட்டைகளைக் கட்டி உருக்காலைக்கு அனுப்புவார்கள். உருக்கிக் கம்பி போடுவார்கள். வீடு கட்டுகிற கம்பி.

பொன்செல்வி தானும் ஒன்றைச் செருகிக் கைப்பிடியை அழுத்தினாள். பெருமூச்சு. இன்னொன்று. ஜாஸ்லின் போதும்க்கா என்று சொல்லும்வரை அழுத்தினாள்.

"அந்தக் குண்டு?" என்று கேட்டாள்.

ஜாஸ்லின் ஜன்னலைக் காட்டினாள். அங்கே ஓர் ஊறுகாய் பாட்டில். அமுக்கும்போது கிழிகிற டப்பாக்களில் இருந்து விழும் குண்டுகளைக் கழுவி அதில் போட்டு வைத்திருந்தாள். இரும்புக் குண்டு, கண்ணாடிக் குண்டு. சில வெள்ளையாக, வெயில் பட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக மினுங்கின. பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

(முத்து கிடையாது என்று எழுதித் தந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது. அடிக்கப் பார்த்தேன். கை வரவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.)

7

பொன்செல்வியும் ஜாஸ்லினும் யார்டு வண்டியில் உடன்குடி சேர்ந்தபோது கடைக்குப் பின்னால் மூட்டை இல்லை.

செம்மண்ணில் இழுத்துப்போன தடம் மட்டும் கிடந்தது. பொன்செல்வி அதைப் பிடித்துக்கொண்டே தெருக்கோடி வரை ஓடினாள். தடம் குடிலுக்குள் போயிற்று.

போன வருஷத்தைவிடக் கூட்டம். சத்தம் கேட்க அடுத்த தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசைக்குத் தள்ளுமுள்ளு. வேல்ராஜ் குளித்து, புது வேட்டி கட்டி, கற்பூரத் தட்டோடு நின்றான். மூட்டையை இழுத்துப்போனவனும் அவன்தான். விரதம் முழுக்க அலறிய தொண்டை கட்டியிருந்தது.

"ஏளா, பின்கட்ட சுத்தமாக்கிட்டேன், பாத்தியா?" என்றான், பெருமையாக.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டான். ஆனால் கண் குடில்மேல் இருந்தது.

"ஒண்ணுக்கே அம்மா அப்பிடிப் பேசுனா. ஒரு மூட்டைக்கு என்ன பேசுவா. நெனச்சிப் பாரு."

"உம்ம மூஞ்சி இருக்காது. நெனச்சிப் பாத்தாச்சு."

நயினார் அண்ணாச்சி நேரமாகிறது என்றார்.

இங்கே அண்ணாச்சியைப் பற்றி ஒரு சொல். முதல் பிரதியில் அவரை முரடராக வைத்திருந்தேன். எளிது. பெண் சொல்வாள், முரடர் கேட்க மாட்டார். ஆனால் கருப்பட்டியை எடை போடும்போது தட்டில் ஒட்டிய தூளையும் விரலால் வழித்து வாங்குகிறவர் பையில் போட்டுவிடும் ஆள் அவர். ஒரு தடவை வேறொரு செட்டின் கிரீடம் சாக்கடையில் கிடக்க, அதன்மேல் நாய் படுத்திருந்தது. நாயை விரட்டாமல், அது எழுந்திருக்கும்வரை நின்று, எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு. அவருக்குச் சத்தம் பெரிதில்லை. தொட்ட பொருள் அனாதையாகக் கிடக்கக் கூடாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவரை எதிர்த்து எழுதக் கை வரவில்லை. அவர் பக்கமும் போக முடியவில்லை. உள்ளே மூட்டை இருக்கிறது.

8

அவள் கத்தினாள் என்று எழுதினேன். மேளச் சத்தத்தில் கேட்காது. அடித்தேன்.

அவள் வேல்ராஜின் காலைப் பிடித்து அழுது—

அடித்தேன். பொன்செல்வி சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்க மறுக்கிறவள்.

பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. பேனா தானாக இதை எழுதியது:

பொன்செல்வி செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். குனிந்து குடிலுக்குள் போனாள். மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

மேளம் நின்றது.

பெண்கள் நுழைவதில்லை என்று மூன்றாம் பகுதியில் எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இதற்குத்தான். அவள் நுழைவதற்கு.

"இப்பம் வைங்க" என்றாள் உள்ளே இருந்து.

யாரும் வைக்கவில்லை. வேல்ராஜ் தட்டைக் கீழே இறக்கினான். கூட்டத்தில் ஒருவர் தீட்டு என்றார். இன்னொருவர், உள்ளே இருப்பது யார், போன வாரம் அந்தக் காளிக்கு முடி கட்டிவிட்டவள்தானே என்றார். அண்ணாச்சி வாசலில் வந்து உட்கார்ந்தார். குனிந்து பார்க்கவில்லை, ஓலையைப் பார்த்தே பேசினார்.

"வெளிய வா தாயி. குப்பையில போட விடமாட்டேன்னுதான சொல்லுதேன்."

"நானும் விடமாட்டேன் அண்ணாச்சி. இது உருக்காலைக்குப் போவுது."

"அங்க என்ன செய்வான்?"

"உருக்குவான்."

"எதுல?"

"தீயிலதான்."

தீக்கு மறுப்பு தீயில்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அங்கயும் தீதான் அண்ணாச்சி" என்றாள் பொன்செல்வி. "நம்ம தீயில வெடிக்கும். அந்தத் தீயில உருகும். கேஸ எடுத்த பொறவுதான் அனுப்புவாவ. நான் பாத்துட்டு வந்தேன். என் கையால அமுக்கிப் பாத்தேன்."

அண்ணாச்சி ஜாஸ்லினைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க கும்பிட எடம் இருக்குமா?"

ஜாஸ்லினின் வாய் திறந்தது. இருக்கும் என்று சொல்லப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் வாயை மூடினாள். யோசித்தாள்.

"உருக்காலைய நான் பாத்ததில்ல அண்ணாச்சி. கேட்டுச் சொல்லுதேன். நம்ம யார்டுல ஒரு வேம்பு நிக்கி. அதுக்குக் கீழ நின்னு கும்பிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

"பொறவு என்னவா வரும்?"

"கம்பியா. யாரு வீட்டுக்காவது."

அண்ணாச்சிக்கு அது பிடித்துவிட்டது. தொட்ட பொருள் யார் வீட்டுக் கூரையையாவது தாங்கி நிற்கும். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேல்ராசு, மூட்டைய எடுலே."

9

மூட்டையை இழுத்தார்கள். இழுக்க இழுக்க இலகுவாக வந்தது. சாக்கின் அடி கிழிந்திருந்தது. டப்பாக்கள், எரிப்பதற்காக உள்ளே அடுக்கியிருந்த ஓலைக்கட்டுகளுக்குள் உருண்டிருந்தன.

குடிலைப் பிரிக்க நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் எரித்தாக வேண்டும். சூரியன் இளம் வடலிப் பனைகளின் தலையைத் தொட்டுவிட்டது.

"குலுக்குங்க" என்றாள் பொன்செல்வி. "உள்ள இருந்தா குண்டு ஓடும்."

ஆண்கள் ஒவ்வொரு கட்டாக எடுத்துக் குலுக்கினார்கள். டமாரைக் கேட்க வந்த கூட்டம் இப்போது ஒரு குண்டு உருளும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அழுத பிள்ளையை ஒருத்தி மடியில் அமுக்கினாள். ஓலை சரசரத்தது. கடகட. "இங்கன" என்றார்கள். பிரித்தார்கள். தங்க டப்பா. வண்டி நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த கட்டு. சரசர. ஒன்றுமில்லை. அடுத்தது. கடகட. கூட்டம் அப்படியே ஒரு அடி முன்னால் வந்தது. யாரோ குலவை போட்டார்கள், மெதுவாக, சத்தம் மறையாமல் இருக்க. ஒவ்வொரு கடகடவுக்கும் ஒரு குலவை.

இப்படி ஒரு விழாவை எந்த ஊரும் கொண்டாடியதில்லை.

கடைசிக் கட்டு வரை வந்தார்கள். வேல்ராஜ் அதைத் தலைக்குமேல் தூக்கிக் குலுக்கினான். சரசர. திருப்பிப் போட்டுக் குலுக்கினான். சரசர.

"இல்ல" என்றான், கட்டிய குரலில். பொன்செல்வியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் தட்டை எடுத்தான்.

அப்போது ஜாஸ்லின் கேட்டாள். "எல்லாம் பெயிண்ட் டப்பாதானக்கா? வேற எதும் போடலயே?"

பொன்செல்வி வேல்ராஜைப் பார்த்தாள். வேல்ராஜ் குடிலைப் பார்த்தான். காளியின் சடைமுடி கலையாமல் நிற்க, செட்டில் எல்லோரும் தலைமுடிக்கு ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டார்கள். அதன் டப்பாக்களை எங்கே போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

தலைக்கு அடிக்கிற டப்பாவில் குண்டு கிடையாது.

10

முடிவுகள்.

முதல் முடிவு. வேல்ராஜ் கற்பூரத்தை வைத்தான். குடில் எரிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இது நடக்கக்கூடியது. அடுத்த வருஷம் யாரும் குலுக்க மாட்டார்கள் என்பதால் இதைத் தரமாட்டேன்.

இரண்டாவது முடிவு. வேல்ராஜ் குனிந்தான். ஓலை பற்றியது. தகரம்—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவன் முகம் எனக்கு வேண்டும். அவளுக்கும்.

மூன்றாவது முடிவு. எரிப்பது நின்றது. அதிகாரிகள் வந்தார்கள். பொன்செல்விக்குப் பொன்னாடை— கைவிட்டேன். அவள் அதை அடுத்த தசராவுக்குப் பார்வதி வேடத்துக்கு விற்றுவிடுவாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குலுக்கினால் போதாது. ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, ஓலை ஓலையாக எடுத்துக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். அவரே முதல் கட்டை அவிழ்க்கிறார். பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள், குடிலுக்குள் யார் நுழைவது என்ற பேச்சு போய்விட்டது. ஆனால் கட்டுகள் நிறைய. பொழுது கொஞ்சம்.

என் மேசையில் இருக்கும் டப்பாவை இப்போது எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் இல்லை. கொசு மருந்திலும் குண்டு கிடையாது. ஜன்னலைத் திறந்து, வெளியே நீட்டி அமுக்கினேன். உஸ்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது இங்கே ஆள் போதவில்லை.

சூரியனைப் பனைக்குமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கதையில் எனக்கு அந்த அளவுக்கு உரிமை உண்டு. வேல்ராஜ் தட்டோடு நிற்கிறான். கற்பூரம் இன்னும் கொளுத்தவில்லை. பொன்செல்வி அவனுக்கும் குடிலுக்கும் நடுவில் நிற்கிறாள். உங்களைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். உங்கள் முன்னால் ஒரு கட்டு கிடக்கிறது. முடிச்சு இறுக்கமாக இருக்கும். ஓலை விளிம்பு கையைக் கிழிக்கும்.

அவிழ்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை நான் பொழுதை இறக்க மாட்டேன்.